அப்பாவுக்காக வந்து நின்ற எல்லோருக்கும்

அப்பா போனபோது கூட நின்றவர்கள் அத்தனை பேரையும் நேரில் பார்த்து நன்றி சொல்ல எங்களால் முடியவில்லை. அதனால் அம்மா, தம்பி, நான் மூவருமாகச் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம்.

முதல் நன்றி, இந்த நாட்டில் அவருக்கு முதன்முதலில் வேலை கொடுத்த பட்டறை முதலாளிக்கு. பிறந்த நாட்டில் ஒரு வீட்டுக்கு வேண்டிய நிலை, கதவு, சன்னல் எல்லாவற்றையும் தனி ஆளாகச் செய்துகொடுத்த தச்சர் அப்பா. இங்கே போன இடமெல்லாம் சான்றிதழ் கேட்டார்கள். அவரிடம் காட்ட ஒரு காகிதமும் இல்லை. நீங்கள் மட்டும் கையில் உளியைக் கொடுத்து, சட்டத்தின் ஒரு மூலையைப் பூட்டிக் காட்டச் சொன்னீர்கள். அந்தக் கதையை அப்பா சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

பட்டறைத் தோழர்களே, மொழி தெரியாதவருக்கு நீங்கள் கையைக் காட்டியே எல்லாம் புரியவைத்தீர்கள். வெப்ப நாட்டில் காற்றில் உலர்ந்த மரத்தில் 12 முதல் 15 சதவீதம் வரை ஈரம் நிற்கும். குளிருக்குச் சூடேற்றும் வீட்டுக்குள் அது 6 முதல் 8 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மரம் நீளவாக்கில் அதிகம் அசையாது, அகலவாக்கில்தான் சுருங்கும், விரியும். அதனால்தான் கதவின் நடுப்பலகைக்குப் பசை போடாமல், சட்டத்தில் வெட்டிய பள்ளமான காடிக்குள் சும்மா நிற்கவிடுகிறார்கள். இதெல்லாம் அப்பாவுக்கு முன்பே தெரியும். எவ்வளவு இடைவெளி விடுவது என்பதை மட்டும் இங்கே உங்களிடம் புதிதாகக் கற்றார். அவர் இங்கே செய்த முதல் மேசை முதல் குளிர்காலத்திலேயே வெடித்துவிட்டதை நீங்கள் சொல்லித்தான் கேள்விப்பட்டோம். எங்களிடம் அதை மூச்சு விடவில்லை மனிதர்!

மாலை வகுப்பு ஆசிரியைக்கும் நன்றி. தொழில் தேர்வுக்கு அப்பா எங்களோடுதான் உட்கார்ந்து படித்தார். தம்பி கேள்வியை வாசிப்பான், அப்பா படம் போட்டு விடை சொல்வார். எங்கள் கணக்கு வீட்டுப்பாடமும் அதே தாளின் ஓரத்தில் நடக்கும். ஊரார் வீட்டு அலமாரிகளை எல்லாம் குறித்த நாளில் முடித்துக் கொடுத்தவர், அம்மாவின் சமையலறை அலமாரிக்குக் கடைசிவரை கைப்பிடி வைக்கவில்லை. அம்மா அதை இங்கே எழுதியே ஆகவேண்டும் என்கிறாள்.

மருத்துவமனையின் இரவுப்பணிச் செவிலியர்களுக்கு: படுக்கை மேசை ஆடுகிறதென்று அவர் திருப்புளி கேட்டபோது தேடிக் கொண்டுவந்து கொடுத்தது உங்களில் யாரென்று தெரியவில்லை. அன்று அவர் முகத்தில் இருந்த உற்சாகத்தை நாங்கள் பார்த்தோம். மருத்துவர் சொன்னதை அம்மாவுக்கு நிதானமாக மொழிபெயர்த்துச் சொன்னவர்கள், எங்கள் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட அயலவர்கள், செலவைப் பகிர்ந்தவர்கள், தூரம் பாராமல் வந்தவர்கள் எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

பட்டறைத் தோழர்களே, அப்பாவின் சவப்பெட்டியை நீங்களே செய்தீர்கள். ஆணி இல்லாமல் நான்கு மூலையும் புறாவால் இணைப்பு, புறாவின் விரிந்த வால்போல் மரத்தை வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோப்பது. ஒரே இரவில் முடிகிற வேலையா அது? தச்சர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது தெரியும்.

கடைசியாக ஒரு தகவல். அப்பா கையில் எடுத்த சில வேலைகள் பாதியில் நிற்கின்றன. அவரிடம் தொழில் பழகியவர் அவற்றை முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், அவருக்கும் எங்கள் நன்றி. முன்பணம் கொடுத்தவர்கள் தயங்காமல் கேளுங்கள். அளவெடுத்த குறிப்பேடு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது.