தையல் இயந்திரத்தோடு ஒரு கருவிப் பையும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி நெருங்கும் இந்நாள்களில், ரவிக்கையையும் பாவாடையையும் வீட்டிலேயே தைத்துக்கொள்ள விரும்பும் பெண்களைக் குறிவைத்து, உள்ளங்கையில் அடங்கும் தையல் இயந்திரம் என்ற பெயரில் ஒரு பொருள் கைபேசி விளம்பரங்களில் ஓயாமல் விற்கப்படுகிறது. பள்ளியில் தையல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், அதைப் பற்றியும், அதே பணத்தில் வாங்கக்கூடிய, உண்மையிலேயே கைகொடுக்கும் சிறு கருவிகளைப் பற்றியும், அரசு வழங்கும் இயந்திரங்களோடு அக்கருவிகளும் சென்று சேர வேண்டியதன் தேவையைப் பற்றியும் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறேன்.

பேட்டரியில் இயங்கும் அந்தக் கையடக்க இயந்திரம் ஒரே நூலைக் கொண்டு சங்கிலித் தையல் போடுகிறது. ஒவ்வொரு வளையமும் அடுத்த வளையத்தை மட்டுமே பிடித்துக்கொண்டு நிற்பதால், கடைசி முனையை முடிச்சிடாமல் விட்டால் தையல் முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். அரிசி மூட்டையின் வாயில் போடப்படும் தையலும் இதே வகைதான். உரிய முனையைப் பிடித்து இழுத்தால் மூட்டை ஒரே இழுப்பில் திறந்துகொள்கிறது. மூட்டைக்கு அது வசதி. நாள் முழுவதும் இழுபடும் கைக்குழித் தையலுக்கு அது சிறிதும் பொருந்தாது. காலால் மிதித்துத் தைக்கும் நம் வீட்டு இயந்திரமோ, மேல்நூலையும், அடியில் பாபின் என்ற சிறு உருளையில் சுற்றிய நூலையும் துணியின் நடுவே ஒன்றோடொன்று பூட்டுகிறது. 1846-இல் அமெரிக்காவின் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற இயந்திரத்திலேயே, முனைக்கருகில் கண் வைத்த ஊசியும், இரண்டாம் நூலைச் சுமந்து செல்லும் ஷட்டிலும் இருந்தன. பின்னர் வந்த சிங்கரும் உஷாவும் அந்த அடிப்படையில்தான் தைக்கின்றன. ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் அடுத்த தையல் அசையாமல் நிற்பதற்கு இந்தப் பூட்டே காரணம். சங்கிலித் தையலைக் குறைத்து மதிப்பிடுவதற்காக இதைக் கூறவில்லை. கொக்கி ஊசியால் செய்யும் ஆரி வேலைப்பாட்டின் அழகே சங்கிலித் தையல்தான். ஆனால் அங்கே வேலை செய்பவர் ஒவ்வொரு வரியின் முடிவிலும் நூலை முடிந்து நிறுத்துகிறார். வெளியூரில் பிரிந்துபோன ஒரு விளிம்பை அப்போதைக்குச் சேர்த்துக்கொள்ள அக்கையடக்கக் கருவி உதவலாம்; உடுத்தும் உடையைத் தைத்து முடிக்க அதை நம்பி வாங்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

வீட்டுத் தையலில் முதன்மையான கருவி எது என்று கேட்டால், சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஊசியைத்தான் சொல்வேன். பழுது என்று மெக்கானிக்கிடம் தூக்கிச் செல்லப்படும் இயந்திரங்களில் பல, ஊசியை மாற்றினாலே ஒழுங்காகத் தைக்கக் கூடியவை. ஊசி உறையில் 90/14 என்று அச்சிட்டிருந்தால், 90 என்பது ஊசித் தண்டின் தடிமன் 0.9 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும். 14 என்பது நாம் கடையில் கேட்கும் நம்பர். வாயில் (voile) எனப்படும் மெல்லிய துணிக்கும் ஷிஃபானுக்கும் 11, வழக்கமான பருத்தி ரவிக்கைக்கு 14, ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு 16 அல்லது 18 என்று வைத்துக்கொள்ளலாம். லெக்கிங்ஸ், பனியன் துணி ஆகியவற்றுக்கு முனை உருண்ட பால் பாயின்ட் ஊசி தனியே உண்டு. அது இழையைக் குத்திக் கிழிக்காமல் விலக்கிக்கொண்டு இறங்குவதால் தையல் விட்டுவிட்டு விழுவதில்லை. ஊசியின் மேல்தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அப்பக்கம் எந்தத் திசையை நோக்க வேண்டும் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுபடும் என்பதால், பழைய ஊசியைக் கழற்றும்போதே அதைக் கவனித்துக்கொண்டு, புதியதை முழுவதும் மேலே தள்ளித் திருகை இறுக்க வேண்டும். ஏறத்தாழ எட்டு மணி நேரம் தைத்த பிறகு ஊசியை மாற்றிவிடுவது நல்லது. அதற்கு முன்பே துணியைக் குத்தும் ஓசை தடித்துக் கேட்டாலோ, பட்டில் இழை இழுபட்டாலோ, உடனே மாற்ற வேண்டும்.

அடுத்தபடியாக, தையல் பிரிக்கும் சிறு கருவியைக் கூறுவேன். சீம் ரிப்பர் என்று கடைகளில் கேட்டால் தருவார்கள். நம் பெண்கள் ரவிக்கையின் பக்கத்தில் துணியைத் தாராளமாக உள்ளே விட்டு, இரண்டு மூன்று வரிசையாகத் தைத்து வைப்பதே, உடல் பருக்கும்போது ஒரு வரிசையைப் பிரித்து விட்டுக்கொள்வதற்காகத்தான். அந்த வேலைக்குப் பெரும்பாலான வீடுகளில் இன்றும் சவரபிளேடுதான் எடுக்கப்படுகிறது. விரல் அறுபடுவதும், நூலோடு துணியும் சேர்ந்து அறுபடுவதும் அதனால்தான். சீம் ரிப்பரின் இரு முனைகளில் ஒன்று கூர்மையாகவும் மற்றொன்று சிறு உருண்டையோடும் இருக்கும். நடுவில் உள்ள வளைவில்தான் வெட்டும் கூர் இருக்கிறது. கூர்முனையைத் தையலுக்கடியில் நுழைத்து நான்கைந்து தையலுக்கு ஒன்றாக நூலை வெட்டிவிட்டு, மறுபுறத்து நூலை மெல்ல இழுத்தால் துணிக்குச் சேதமின்றிப் பிரிந்துவிடும். உருண்டை முனை அடித்துணியில் சிக்காமல் காக்கும்.

பட்டுத் துணிக்கு வேறு வகைக் கவனம் தேவை. குண்டூசி குத்திய துளை பட்டில் மறையாமல் நின்றுவிடுவதாலும், துரு ஏறினால் கறை படிவதாலும், லைனிங்கையும் பட்டையும் சேர்த்துப் பிடிக்க இப்போது கிடைக்கும் சிறு பிளாஸ்டிக் கிளிப்புகள் மிகவும் ஏற்றவை. புதிதாக வந்த பொருள்களில் நான் மனமாரப் பாராட்டுவது இதைத்தான். துணியில் கோடிடப் பயன்படும் சாக் கட்டிகளில் மெழுகு கலந்தது இஸ்திரிச் சூட்டில் உருகி எண்ணெய்க் கறையாக ஊறக்கூடும். களிமண் சாக் கட்டியைக் கேட்டு வாங்கி, அதையும் முதலில் ஓர் ஓரத்தில் கோடிட்டு உதறிப் பார்த்துவிட்டே பயன்படுத்த வேண்டும். மணியும் கல்லும் வைத்த ஆரி ரவிக்கையை இணைக்கும்போது துணியை அழுத்திப் பிடிக்கும் வழக்கமான ஃபுட் (இயந்திரத்தின் கால்) மணிகளின்மேல் ஏறிச் சாய்ந்துவிடும். ஜிப் தைப்பதற்கென உள்ள, ஒரு பக்கம் மட்டுமே கால் கொண்ட ஃபுட்டை மாட்டினால், மணி வரிசையை ஒட்டியே நேராகத் தைக்கலாம்.

கத்தரியைப் பற்றிச் சுருக்கமாகவே கூறுகிறேன். துணிக்கென ஒன்றைத் தனியே வைத்து, அதனால் காகிதம் வெட்டுவதைத் தவிர்த்தாலே போதும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மீரட் கத்தரி போன்ற உலோகக் கத்தரிகளைச் சாணை பிடித்துப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். இன்ச் டேப்பை வாங்கியவுடன் எஃகு அளவுகோலோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும், நீண்டுபோன பழைய துணி டேப்பைத் தூக்கி எறிவதும் அவசியம். இயந்திரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடும் வழக்கம் அடியோடு நிற்க வேண்டும். அது நாளடைவில் பிசினாகிப் பாகங்களை இறுக்கிவிடுகிறது, மார்கழிக் குளிரில் உறைந்தும் போகிறது. தையல் இயந்திரத்துக்கென்றே விற்கப்படும் வெண்ணிற மெல்லெண்ணெய் ஒரு சிறு புட்டி நெடுநாள் வரும். பார்வை மங்கிய மூத்தோருக்கு, மெல்லிய கம்பி வளையம் கொண்ட ஊசி கோர்ப்பானும், கண்ணின் மேற்பகுதி திறந்திருந்து நூலை மேலிருந்து அழுத்தினாலே உள்ளே இறங்கும் கைத்தையல் ஊசியும் பெரும் உதவியாக இருக்கும்.

சமூக நலத்துறை வாயிலாகச் செயல்படும் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டத்தில், கணவரை இழந்தோர், கணவரால் கைவிடப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் ஆகியோர் பயன் பெறுகின்றனர். தையல் தெரியும் என்பதற்கான சான்றும் அவர்களிடம் கேட்கப்படுகிறது. ஆகவே தொழிலின் அடிப்படையை அவர்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் இயந்திரம் வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில், வருமானம் இன்னும் தொடங்காத நிலையில், நல்ல கத்தரிக்கும் ஜிப் ஃபுட்டுக்கும் கைப்பணம் செலவிட அவர்களில் பலரால் இயலாது. கையில் உள்ள ஒரே ஊசியால் ஷிஃபானையும் ஜீன்ஸையும் தைக்கப் போய், கொண்டுவந்து கொடுத்தவரின் துணி கெட்டுவிட்டால், அந்த வாடிக்கையாளர் மறுபடி வரமாட்டார்.

எனவே, வழங்கப்படும் ஒவ்வோர் இயந்திரத்தோடும், அவ்வியந்திரத்துக்குப் பொருந்தும் 11, 14, 16 எண் ஊசிகளும், பால் பாயின்ட் ஊசிகளும், கூடுதல் பாபின்களும், ஜிப் ஃபுட்டும், சீம் ரிப்பரும், துணிக் கத்தரியும், சரிபார்த்த இன்ச் டேப்பும், எண்ணெய்ப் புட்டியும் அடங்கிய ஒரு பை தவறாமல் வழங்கப்படத் துறை ஆவன செய்ய வேண்டும். ஊசி, பாபின் ஆகியவற்றின் வகையைத் தமிழில் அச்சிட்டு இயந்திரத்தின் மேசையிலேயே ஒட்டிக் கொடுத்தால், பயனாளிகள் கடையில் தவறான பொருளை வாங்கி ஏமாறாமல் இருப்பார்கள். இக்கோரிக்கையைத் துறை அலுவலர்களின் கவனத்துக்குக் கொண்டு செல்லுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தையல் ஆசிரியை,
கும்பகோணம்.