மிளகு ஏணிய யாரு பிடிக்கிறது?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம். மிளகு பறிக்கையில ஏணி சரிஞ்சு ஒருத்தருக்கு இடுப்பு ஒடிஞ்ச செய்திய உங்க பேப்பர்ல படிச்சேன், கவனக்குறைவுன்னு ஒத்த வார்த்தையில முடிச்சிட்டீங்க, அது சரியில்லங்கய்யா. கம்பத்துல இருந்து விடியக்காலைல ஜீப்புல கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி கேரளாவுல இடுக்கி தோட்டத்துக்குப் போறவங்களுக்கு என்ன ஏணி குடுக்குறாங்கன்னும் பாக்கணும்ல. நானும் 6 வருசம் பறிச்சவன்தான், மூங்கில் ஏணில படி ஆடும், ஈர மண்ணுல ஒரு கால் மட்டும் பொதையும், இடுப்புச் சாக்கு நெறைய நெறைய உடம்ப ஒருபக்கமா இழுக்கும், தள்ளி ஒரு கொத்து தெரிஞ்சா கை தானா போயிரும், கிலோவுக்கு இவ்வளவுன்னுதான கூலி! அப்பத்தான் விழுறது.

16 அடி ஒசரத்துக்குச் சாய்ச்சா அடிக்கால் மிளகுக்கொடி படர்ந்த மரத்துல இருந்து 4 அடி தள்ளி நிக்கணும், உச்சிய மரத்தோட கயிறு போட்டுக் கட்டணும், அது கட்டுறவரைக்கும் கீழ ஒரு ஆள் பிடிச்சுக்கணும். அந்த ஆளுக்கு யாரும் கூலி குடுக்குறதில்ல, அதான் ஆளே இல்ல. (அலுமினிய ஏணின்னா கரண்டு கம்பி பக்கமே போகக்கூடாது, அது வேற.) பறிப்பு தொடங்குறதுக்கு முன்னாடி கேரளா தொழிலாளர் துறைக்காரங்க தோட்டம் தோட்டமா ஏணிய பாத்து, இத்துப்போனத அங்கயே வெட்டிப் போடட்டும், ஏணி பிடிக்கிறவருக்கும் நாள்கூலின்னு உத்தரவு போடட்டும்.

- ஒரு வாசகர், கம்பம்