தீ ஒரு வீட்டோடு நிற்க வேண்டும்: ஊர்த் தீத்தடுப்புக் குழுவின் ஆண்டறிக்கை

எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் அண்ணன் தனியாக வாசிப்பார், நான் நடந்த வேலையை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆண்டு நம்மைக் கூப்பிட்டது 9 முறை. தீ 4, கிணற்றில் விழுந்த மாடு 2, கதண்டு, அதாவது விஷக் குளவிக் கூடு 2. இன்னொன்று, தெருக்கோடியில் யாரோ சருகு கொளுத்திய புகையைப் பார்த்து ஒரு பாட்டி பதறிக் கூப்பிட்டது. பத்து பேர் ஓடிப்போய்த் திரும்பி வந்தோம். அன்றைக்குச் சிலர் அவரைக் கேலி பேசினார்கள், அது தப்பு. அவர் கூப்பிட்டது சரிதான், நாளைக்கும் அப்படியே கூப்பிட வேண்டும்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாம் தீயணைப்புத் துறை இல்லை. நிலையம் 18 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 101 அடித்ததும் வண்டி கிளம்பிவிடுகிறது, அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை, ஆனால் கடைவீதி, ரயில்வே கேட், அப்புறம் நம் வாய்க்கால் பாலம் என்று எல்லாம் தாண்டி வந்து சேர அரை மணி நேரம் ஆகிறது. காய்ந்த கீற்றுக் கூரை எரிந்து விழ அதில் பாதி நேரம்கூட வேண்டாம். அதனால் பற்றிக்கொண்ட வீட்டைக் காப்பாற்றுவது பெரும்பாலும் நம் கையில் இல்லை. உள்ளே இருக்கும் ஆளை வெளியே கொண்டுவருவதும், தீயை அந்த ஒரு வீட்டோடு நிறுத்துவதும்தான் நம் வேலை.

மார்ச் மாதம் கீழத்தெருவில் நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அடுப்புச் சாம்பலைத் தணல் ஆறாமல் கொல்லையில் கொட்டியிருக்கிறார்கள், பக்கத்திலேயே வைக்கோல் போர், போருக்கு மேலே சாய்ந்தபடி கூரை. பகல் பதினொன்றரை மணி, நல்ல தெற்குக் காற்று, தெருவில் பாதிப் பேர் உளுந்து பறிக்கப் போயிருந்த நேரம். வீட்டில் இருந்தது இரண்டு பெண்கள், பள்ளிக்குப் போகாத ஒரு பையன், படுக்கையில் ஒரு தாத்தா. அந்தப் பெண்கள் இருவரும் தாத்தாவைக் கட்டிலோடு தூக்கி வெளியே வைத்தார்கள், மெயின் ஸ்விட்சை அணைத்தார்கள், தீ சமையல்கட்டுக்கு வருமுன்னே சிலிண்டரை உருட்டி வெளியே தள்ளினார்கள். அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கு இன்னமும் ஆச்சரியம். எரிகிற கூரையில் ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றாமல் வடக்குப் பக்கத்து வீட்டுக் கூரையை நனைத்தார்கள், தொரட்டியால் அந்த ஓரத்தில் இரண்டு வரிசைக் கீற்றை இழுத்துப் போட்டார்கள். ஒரு வீடும் ஒரு போரும் போயின. அடுத்து வரிசையாக இருந்த மூன்று கூரைகளும் நின்றன.

ஆண்கள் நாங்கள் வந்து சேர்ந்த பிறகுதான் குழப்பம். ஆளாளுக்குக் குடத்தோடு எரிகிற வீட்டுப் பக்கமே ஓடினோம், ரோட்டில் பைக்கை நிறுத்திவிட்டு செல்போனில் படம் எடுத்தவர்களால் வண்டி திரும்ப இடமில்லாமல் போனது. நம் பையன் ஒருவனுக்கு முழங்கையில் தீக்காயம், காரணம் அவன் போட்டிருந்த நைலான் டீ-சர்ட், உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. யாரோ அவசரத்தில் பேஸ்ட்டைத் தடவிவிட்டார்கள். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம், 20 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்கவும் கூடாது.

அந்த வீட்டில் ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பிள்ளையின் மார்க் ஷீட் எல்லாம் எரிந்துபோயின. விஏஓவிடம் சான்று வாங்கி ஒவ்வொன்றாக மறுபடி எடுக்க நம் உறுப்பினர்கள் இரண்டு பேர் மாதக்கணக்கில் கூடவே அலைந்தார்கள். தீயை அணைத்ததைவிட அது பெரிய வேலை என்று நினைக்கிறேன்.

மேட்டுத்தெருவில் வைக்கோல் லாரி தீப்பிடித்தது பிப்ரவரியில். சம்பா அறுவடை முடிந்து கட்டுக் கட்டாகக் கேரளாவுக்குப் போகும் லோடு, உயரமாக ஏற்றியிருந்தார்கள், தாழ்ந்து தொங்கிய மின்கம்பியில் உரசிவிட்டது. டிரைவருக்குப் பின்னால் எரிவது தெரியவே இல்லை. தெரிந்ததும் குளத்துக்குப் போய்விடலாம் என்று வேகம் எடுத்தார், காற்றில் தணல் பறந்து வழியெல்லாம் விழுந்தது, இரண்டு பக்கமும் கூரை வீடுகள். நம் ஆட்கள் பைக்கில் முன்னால் போய் அவரைக் களத்துத் திடலுக்குத் திருப்பிவிட்டார்கள், மற்றவர்கள் ஈரச் சாக்கோடு தெரு நெடுக விழுந்த தணலை அடித்துக்கொண்டே வந்தார்கள். தீயணைப்பு வண்டியில் 4,500 லிட்டர்தான் இருக்கும், வைக்கோலுக்கு அது எம்மாத்திரம். மேலே அணைந்த மாதிரி தெரியும், உள்ளே கனிந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு கட்டாக இழுத்துப் பிரித்து நனைத்து முடிக்க இரவு இரண்டு மணி ஆகிவிட்டது. அங்கே நின்றவர்களுக்குக் கடைசிவரை டீ போட்டுக் கொடுத்த மகளிர் குழுவுக்கு இந்த மன்றத்தில் நன்றி சொல்கிறேன். தாழ்ந்த கம்பிகளைப் பற்றி மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, புகார் செய்து அந்த ஒரு இடம் சரியாகிவிட்டது, இன்னும் இரண்டு இடம் பாக்கி.

கதண்டு பற்றிச் சுருக்கமாக: யாரும் பந்தம் கட்டி ஏறாதீர்கள், நிலையத்துக்குச் சொல்லுங்கள். கிணறு விஷயத்திலும் அப்படித்தான், கிணற்றுக்குள் டீசல் இஞ்சின் ஓடியிருந்தால் அதன் புகை உள்ளேயே நிற்கும், மாடு கத்துகிறதே என்று ஒருவரும் சட்டென்று இறங்கக் கூடாது.

திருவிழாப் பந்தல் பற்றி விழாக் கமிட்டியோடு கொஞ்சம் மனக்கசப்பு வந்தது உண்மை. கீற்றுப் பந்தல்தான் வழக்கம் என்றார்கள். நான் விடாமல் பேசியதற்குக் காரணம் இருக்கிறது. 1997 ஜூன் 7 தஞ்சைப் பெரிய கோயில் யாகசாலைப் பந்தல், 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2004 ஜனவரி 23 ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபம், மாப்பிள்ளையும் போனார். அதே ஆண்டு ஜூலை 16 கும்பகோணம் பள்ளிக்கூடம், 94 குழந்தைகள். மூன்றும் நம்மைச் சுற்றி, ஏழெட்டு ஆண்டுக்குள், மூன்றிலும் கீற்று. கடைசியில் தகரப் பந்தலுக்கும் இரண்டு பக்க வழிக்கும் கமிட்டி ஒத்துக்கொண்டது, வாணம் ஆற்றங்கரைக்கு மாறியது. அவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

இனி வரும் ஆண்டுக்கு மூன்று தீர்மானங்களைக் குழு முன் வைக்கிறேன். மேட்டூர் அணையை ஜனவரி 28 அன்று மூடினால் ஜூன் 12 வரை வாய்க்காலில் தண்ணீர் கிடையாது, நமக்குத் தீ வருவதும் சரியாக அந்த மாதங்களில்தான், ஆகவே மார்ச் முதல் குளத்தில் போர்வெல் தண்ணீர் விட்டு ஒரு ஆள் ஆழமாவது நிறுத்தச் சொல்லி ஊராட்சியிடம் மனு கொடுக்க வேண்டும். அடுத்து, வைக்கோல் போரை வீட்டை ஒட்டிப் போடுவது போதும், களத்தில் பொது இடம் ஒதுக்குவோம். ஈரத்தோடு அடுக்கிய வைக்கோல் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும் என்பதால் நன்றாகக் காய்ந்த பிறகே போர் போட வேண்டும். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: பகலில் ஊரில் இருப்பது பெண்கள், நிர்வாகக் குழுவிலோ ஒருவர்கூடப் பெண் இல்லை. கீழத்தெருவைக் காப்பாற்றிய அந்த இருவரையும் இன்றே சேர்க்க வேண்டும் என்று முன்மொழிகிறேன், அவர்கள் சம்மதத்தைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஒத்திகை ஏப்ரல் 14 காலை ஏழு மணிக்குக் களத்தில். 1944இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து, தீயை அணைக்கப் போன வீரர்கள் பலர் இறந்தார்கள், அவர்கள் நினைவாகத்தான் அது தீத்தொண்டு நாள். நமக்குச் சித்திரை வருடப் பிறப்பு, வெளியூர்ப் பிள்ளைகளும் வந்திருப்பார்கள். பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு, ஆளுக்கு ஒரு சாக்கோடு வாருங்கள். பயிருக்கு மருந்தடிக்கும் விசைத்தெளிப்பான் வைத்திருப்பவர்கள் டேங்கைக் கழுவிவிட்டு எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்