மணலி சின்னையா முதலியாருக்கு, நகரியிலேருந்து ஒரு கடிதம்

ஐயா, வணக்கம்.

நான் நகரிக்காரன். ஆந்திரா எல்லை, விசைத்தறி ஊரு. வீட்ல தமிழ், ஸ்கூல்ல தெலுங்கு, கடைத்தெருவுல ரெண்டும் கலந்துதான் பேசுவோம். எம்பொண்ணு வயலின் கத்துக்கிறா. சாயங்காலம் பாய விரிச்சு, வயலின் தலைப்பக்கத்த வலது கணுக்கால் மேல வச்சுக்கிட்டு உக்காருவா, வில்லுக்கு ரோசின் தேய்ச்சா அந்த வெள்ளைத் தூள் பாவாடையெல்லாம் கொட்டும், பக்கத்து வீட்டுத் தறி கடகடன்னு ஓடிட்டே இருக்கும், அந்த சத்தத்துக்கு நடுவுல காத சாய்ச்சு வச்சு ச-ப-ச-ப ன்னு நாலு தந்தியையும் சுருதி சேர்ப்பா.

அப்பல்லாம், இருநூறு வருஷத்துக்கு முன்னாடி சென்னைப் பக்கம் மணலியில சங்கீதக்காரங்கள ஆதரிச்ச உங்க ஞாபகம் வரும்யா.

உங்கப்பா முத்துகிருஷ்ண முதலியார் சென்னை கவர்னர் பிகட்டுக்கு துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரு, பூக்கடை பக்கம் சென்னகேசவர் கோயில் திரும்ப எழும்ப பணம் குடுத்தவர், ராம நாடகம் எழுதின அருணாசலக் கவிராயர ஆதரிச்சவர். சங்கீத வித்வான் ராமசாமி தீட்சிதர் திருவாரூர்லேருந்து குடும்பத்தோட மணலிக்கு வந்து உங்க ஆதரவுல இருந்தாரு. அவர் 108 ராகத்துல தெலுங்குல ராகமாலிகை பாட்டு கட்டினாரு, நீங்க அவருக்கு தங்கத்தால கனகாபிஷேகம் பண்ணீங்கன்னு சொல்வாங்க. தமிழ் வீட்ல தெலுங்கு பாட்டு! அது எங்களுக்கு எவ்ளோ சொந்தமா இருக்கு தெரியுமா?

ஆனா எனக்கு அந்த தங்கத்த விட பெருசா தெரியுறது இன்னொண்ணு. சென்னைக் கோட்டையில வெள்ளைக்காரங்க பேண்டு கேட்டுட்டு தீட்சிதரோட மூத்த பையன் முத்துசாமி அந்த மெட்டுக்கெல்லாம் சமஸ்கிருதத்துல பாட்டு எழுதினாரு, சின்னவரு பாலுசாமி, 1786ல பொறந்தவரு, அவருக்கு அந்த பேண்டுல வாசிச்ச பிடில், அதான் வயலின், மேலயே ஆசை. நீங்க ஒரு வெள்ளைக்கார வாத்தியார ஏற்பாடு பண்ணி மூணு வருஷம் கத்துக்க வச்சீங்க. ஒரு பையனோட ஆசைக்கு மூணு வருஷ சம்பளம், அவ்ளோதான். இன்னிக்கு வயலின் இல்லாத கச்சேரி எங்க இருக்கு? எட்டயபுரம் வரைக்கும் அத கொண்டு போனாரு அவரு. மணலின்னா இப்ப எல்லாரும் பெட்ரோல் ரிஃபைனரியத்தான் சொல்றாங்க, கேக்க கஷ்டமா இருக்குய்யா.

நீங்க வளர்த்த அந்த முத்துசாமி தீட்சிதர் மொத கிருதி பாடினது எங்க பக்கத்து திருத்தணியில, 1960 வரைக்கும் அது எங்க சித்தூர் ஜில்லாதான். வர்ற ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு போறோம். வயலினையும் எடுத்துக்கிட்டு வரேன்னு சொல்றா, படியேறும்போது பெட்டிய நான் தூக்கிக்கிறேன்னு சொல்லியிருக்கேன்.