செயலாளரின் ஆண்டறிக்கை, 2023 ஏப்ரல் – 2024 மார்ச்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் நம் ஃபிலிம் கேமரா சங்கத்தில் 31 பேர் இருந்தோம். நான்கு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள், இருவர் மாற்றலாகிப் போனார்கள், ஆக இப்போது 33. சந்தா 1,200 ரூபாயைக் கட்டியவர்கள் 28 பேர். மீதி ஐவரின் பெயரை வாசிக்கப் போவதில்லை, அவர்களுக்கே தெரியும். முன்னிருப்பு 6,350, சந்தா 33,600, நன்கொடை 10,000. செலவில் டிரை கேபினட் (கேமராவை ஈரம் அண்டாமல் வைக்கும் அலமாரி) 14,500, ஃபிலிமும் கெமிக்கலும் 17,200, ரிப்பேர் கூலி 8,000, ஹால் வாடகையும் டீயும் 4,800. கையிருப்பு 5,450 ரூபாய்.

இந்த ஆண்டு படம் எடுக்கப் போனது குறைவு, லென்ஸைத் துடைத்தது அதிகம். அதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில், பக்கத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது. நம் உறுப்பினர்கள் ஆறு பேர் வீட்டில் தண்ணீர் புகுந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, அது போதும். ஆனால் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த கேமராக்கள் முங்கிவிட்டன.

முங்கியவற்றில் அதிகம் கெட்டவை தோல் உறையோடு இருந்தவைதான். வெள்ளம் வடிந்து மூன்று நாளாகியும் உறை ஈரத்தை விடவில்லை. ஒரு யாஷிகா மேட் 124ஜியை (மேல் லென்ஸில் பார்த்து, கீழ் லென்ஸில் படம் எடுக்கும் இரட்டை லென்ஸ் கேமரா) உறையிலிருந்து எடுத்தபோது உள்ளே சேறு கஞ்சி மாதிரி கிடந்தது. உரிமையாளர் பதற்றத்தில் ஃபிலிமை நகர்த்தும் கிராங்கைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். தண்ணீர் புகுந்த ஷட்டரை இயக்கக் கூடாது, மணல் பல்சக்கரத்துக்குள் போய்விடும். இதை நாம் முன்னமே எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்க வேண்டும், அந்தத் தவறு செயலாளருடையது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. இன்னொரு உறுப்பினர் எடுத்து முடித்த 120 ரோல் (தாளோடு சேர்த்துச் சுற்றிய அகல ஃபிலிம்) ஒன்று நனைந்துவிட்டது. அவர் வெயிலில் காயப்போடவில்லை. தண்ணீர் நிறைந்த எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி, அப்படியே நம்மிடம் கொண்டுவந்தார். காய்ந்திருந்தால் பின்தாள் ஃபிலிமின் மருந்துப் பூச்சோடு ஒட்டிப் போயிருக்கும். இருட்டில் ஈரத்தோடே தாளை உரித்து டெவலப் செய்தோம். பன்னிரண்டில் ஐந்து படம் தேறியது. அதில் ஒன்று அவருடைய அம்மா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கும் படம். ஓரத்தில் தண்ணீர்க் கறை இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜனவரியில் உறுப்பினர்கள் அனைவரும் தங்கள் லென்ஸ்களைக் கொண்டுவரும்படி கேட்டுக்கொண்டோம். ஷட்டரை பி-யில் (அழுத்தியிருக்கும்வரை திறந்தே நிற்கும் நிலை) வைத்து, அப்பெர்ச்சரை (ஒளி புகும் துவாரம்) முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தோம். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்தால்தான் சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை கிளை விட்டிருப்பது தெரியும். வெள்ளம் எட்டாத மாடி வீட்டு லென்ஸ்களிலும் அது இருந்தது. பெரும்பாலும் வருஷக்கணக்காகப் பூட்டி வைத்தவை. வாராவாரம் வெளியே எடுக்கப்படும் ஸ்டுடியோ அண்ணாச்சியின் மாமியா ஆர்பி67 கேமரா லென்ஸ்கள் மூன்றும் சுத்தம். அவர் ஒன்றும் விசேஷமாகச் செய்வதில்லை. பயன்படுத்துகிறார், அவ்வளவுதான். பத்திரம் என்று நினைத்துத்தான் நாம் லென்ஸைக் கெடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து.

மேலோட்டமான பூஞ்சையை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கொண்டு துடைத்தோம். லென்ஸின் மேற்பூச்சான கோட்டிங்கைப் பூஞ்சை அரித்துவிட்ட இடத்தில் தழும்பு அப்படியே இருக்கிறது, அது போகாது. சின்னத் தழும்பு படத்தில் தெரியவும் செய்யாது. பயப்பட வேண்டியது கண்ணாடி முழுக்கப் பனிப்படலம் மாதிரி படியும் மங்கல். வெளிச்சத்துக்கு எதிரே படம் எடுத்தால் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். ஒரு எச்சரிக்கை: இரட்டை லென்ஸ் கேமராவின் உள்கண்ணாடிக்கு முன்பக்கத்தில்தான் வெள்ளிப் பூச்சு இருக்கிறது. லென்ஸைத் துடைக்கும் வேகத்தில் அதையும் தேய்த்துவிடாதீர்கள். ஒருவர் தேய்த்துவிட்டார்.

பாச்சை உருண்டை போட்டு வைத்தால் பூஞ்சை வராது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியில் படியும். அரிசி டப்பாவும் வேண்டாம், தவிட்டுத் தூள்தான் உள்ளே போகும். சிலிக்கா ஜெல் போதும். நீலம் இளஞ்சிவப்பானால் பழைய இரும்புச் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகிவிடும். அந்தச் சட்டியில் அப்புறம் சமைக்காதீர்கள், அந்த நிறம் கோபால்ட் உப்பு.

இனி மனவருத்தமான ஒன்று. வெள்ளத்தில் தப்பிய ஒரு 124ஜியை வெளியூர் ரிப்பேர் கடை ஒன்றுக்கு அனுப்பினோம். கடையின் பெயர் வேண்டாம். பளபளவென்று வந்தது, பில்லும் அப்படித்தான். ஆனால் எடுத்த படமெல்லாம் ஃபோகஸ் தப்பி இருந்தது. பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் டிரேசிங் பேப்பரை இறுக்கி ஒட்டினோம். கேபிள் ரிலீஸால் ஷட்டரைத் திறந்து பூட்டி, தூரத்துத் துறைமுகக் கிரேனைப் பார்த்தோம். மேல் லென்ஸ் வழியே கிரேனின் கம்பிகள் ஒவ்வொன்றும் தெரிகின்றன. கீழே டிரேசிங் பேப்பரில் கிரேன் ஒரு நிழல். மேல் லென்ஸைக் கழற்றித் துடைத்தவர்கள் பழைய இடத்தில் நிறுத்தாமல் திருகிவிட்டிருக்கிறார்கள். அண்ணாச்சி கீழே பேப்பரில் கிரேன் கூர்மையாகும்வரை ஃபோகஸ் குமிழைத் திருகி நிறுத்திவிட்டு, மேல் லென்ஸை மட்டும் இம்மி இம்மியாகத் திருப்பி இரண்டையும் சேர்த்தார். முழுசாக ஒரு மதியம் ஆனது. இனிமேல் ரிப்பேரிலிருந்து வரும் எந்த கேமராவையும் இப்படிச் சோதித்த பிறகே பணம் கொடுப்பது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

பென்டாக்ஸ் 67 கேமராவுக்கு உரிய பழைய 105 மி.மீ. லென்ஸ் ஒன்று டீ நிறத்தில் வந்தது. அழுக்கில்லை. கண்ணாடியில் தோரியம் சேர்த்துச் செய்த லென்ஸ், வயதானால் மஞ்சளாகும். வெயில் பட்டால் தெளியும். ஆனால் நம்மூர் உச்சி வெயிலில் மொட்டை மாடியில் வைத்தால் ஃபோகஸ் திருகில் (ஹெலிகாய்டு) உள்ள கிரீஸ் உருகி அப்பெர்ச்சர் இதழில் இறங்கிவிடும். காலை வெயிலில் மட்டும் ஜன்னலோரம் வைக்கச் சொன்னோம். ஒரு மாதத்தில் பாதி தெளிந்திருக்கிறது.

படம் எடுக்கப் போன கதை. பிப்ரவரியில் உப்பளத்துக்குப் போனோம். ஒளி மீட்டர் சொன்னபடி எடுத்தவர்களுக்கு உப்பு சாம்பல் நிறத்தில் வந்தது, ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் கூட்டியவர்களுக்கு உப்பு உப்பாக வந்தது. ரோலுக்குப் பன்னிரண்டே படம் என்பதால் யாரும் சும்மா தட்டவில்லை. குனிந்து மேலிருந்து கேமராவுக்குள் பார்ப்பதைக் கண்டு, உப்பு வாரிக்கொண்டிருந்த ஓர் அம்மா, “என்ன, கும்பிட்டுக்கிட்டே படம் எடுக்கீங்க?” என்று கேட்டார். அந்தச் சிரிப்பைப் பிடித்தவர் நம் புது உறுப்பினர். படம் ஹால் சுவரில் இருக்கிறது. பிரதி ஒன்றை அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாகிவிட்டது.

மே மாத டெவலப்பிங் வகுப்பு சரியாக அமையவில்லை. 20 டிகிரியில் செய்ய வேண்டியதை 32 டிகிரி குழாய்த் தண்ணீரில் செய்தோம். நேரம் பாதிக்கும் கீழே சுருங்கி, டெவலப்பர் சமமாகப் பரவாமல் வானமெல்லாம் திட்டுத் திட்டாக வந்தது. அடுத்த முறை ஐஸ் வாங்க 100 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸில் தயாரான பழைய ‘இந்து’ 120 ரோல்கள் இரண்டை அண்ணாச்சி நன்கொடையாகத் தந்தார். ஒன்றை எடுத்துப் பார்த்தோம், முழுக்கப் புகைமூட்டம். மற்றதைத் திறக்காமல் வைத்திருக்கிறோம்.

வரும் ஆண்டுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். டிரை கேபினட்டில் ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று வாரம் ஒருமுறை ஒருவர் பார்த்து எழுத வேண்டும். கேபினட்டில் இருக்கும் கேமராக்களின் ஷட்டரை ஒரு வினாடியில் வைத்து நாலைந்து தடவை தட்டவும் வேண்டும். முறைப்பட்டியல் கதவில் ஒட்டியிருக்கிறது. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் இன்னும் காலியாக இருக்கின்றன. பேனா அங்கேயே கட்டித் தொங்குகிறது.

நன்றி.

செயலாளர்
தூத்துக்குடி