பழைய வண்டிகளின் முத்திரைகள்: நண்பருக்கு ஒரு கடிதம்

மயிலாப்பூர்,
சென்னை.

அன்புள்ள சண்முகத்துக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதமும் புகைப்படமும் கிடைத்தன. உன் மைத்துனரின் அரிசி ஆலைக்குப் பின்னால் கிடக்கும் லாரியின் முகப்பில் மும்முனை நட்சத்திரம் இருப்பதால், அது ஜெர்மனியிலிருந்து வந்த வண்டியா என்று கேட்டிருக்கிறாய். அநேகமாக ஜாம்ஷெட்பூரில் பிறந்த வண்டியாகத்தான் இருக்கும். டாட்டாவின் டெல்கோ நிறுவனம் 1954-இல், மெர்சிடிஸ்-பென்ஸ் வண்டிகளைச் செய்த ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்து தயாரித்த லாரிகள் அந்த நட்சத்திரத்தை அணிந்திருந்தன. 1969-இல் அந்த ஒப்பந்தம் முடிந்ததும் நட்சத்திரம் இறங்கி, டாட்டாவின் 'டி' ஏறியது. முகப்பை யாரும் மாற்றாமல் இருந்தால், உன் மைத்துனரின் வண்டி அதற்கு முந்தையது என்று தாராளமாகச் சொல்லலாம். நட்சத்திரம் போன பிறகும் நம் ஓட்டுநர்கள் 'பென்ஸ் லாரி' என்று சொல்வதை நிறுத்தவில்லை என்பது உனக்கே தெரியும்.

நட்சத்திரத்தின் பொருள் என்ன என்றும் கேட்டாய். அந்த நிறுவனத்தின் முன்னோடியான காட்லிப் டைம்லர் தன் மனைவிக்கு அனுப்பிய அஞ்சலட்டை ஒன்றில், தாம் குடியிருந்த வீட்டை ஒரு நட்சத்திரத்தால் குறித்திருந்தாராம். அதை நினைவில் வைத்திருந்த மகன்கள் சொல்ல, நிறுவனம் 1909-இல் அதைப் பதிவு செய்தது. நிலம், நீர், வானம் ஆகிய மூன்றிலும் தங்கள் இயந்திரங்கள் ஓடும் என்பது மூன்று முனைகளுக்குச் சொல்லப்படும் விளக்கம். ஆனால் அதே ஆண்டில் நான்கு முனை நட்சத்திரம் ஒன்றையும் அவர்கள் பதிவு செய்து வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், விளக்கம் முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா என்ற ஐயம் எனக்கு எழுகிறது. பி.எம்.டபிள்யூ முத்திரை சுழலும் விமான விசிறி என்று சொல்லாதவர்கள் குறைவு. உண்மையில் அது அந்த நிறுவனம் பிறந்த ஜெர்மானிய மாநிலமான பவேரியாவின் நீலமும் வெள்ளையும்தான், விசிறிக் கதை 1929-இல் வந்த ஒரு விளம்பரத்தால் பரவியது. அமெரிக்கக் காரான காடிலாக்கின் குலச்சின்னம் இன்னும் வேடிக்கையானது: டெட்ராய்ட் நகரை நிறுவிய காடிலாக் என்ற பிரெஞ்சுக்காரர் தமக்குத்தாமே சூட்டிக்கொண்ட பிரபுப் பட்டத்துக்கு இட்டுக்கட்டிய சின்னத்தை, இருநூறு ஆண்டுகள் கழித்து ஒரு கார் நிறுவனம் பெருமையுடன் எடுத்துக்கொண்டது.

ஆகையால் முத்திரையின் பொருளைப் பழங்கதைகளில் தேடுவதைவிட, யாருக்கும் யாருக்கும் அப்போது ஒப்பந்தம் இருந்தது என்று தேடுவதே பயனுள்ளது என்பது என் கட்சி. நம் சென்னையே அதற்குச் சாட்சி. எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றது. இங்கிலாந்தின் லாரி நிறுவனமான லேலண்டு உள்ளே வந்து 1955-இல் பெயரே அசோக் லேலண்டு ஆன பிறகு, அந்த ஆலையின் அடையாளம் முழுக்க லாரியும் பஸ்ஸும் என்றாகிவிட்டது. பெருங்களத்தூர்ப் பக்கம் தயாரான ஹெரால்டு கார் இங்கிலாந்தில் டிரையம்ஃப் என்ற பெயரில் ஓடியது, இங்கே ஸ்டாண்டர்டு என்ற பெயரில் ஓடியது. பிறந்த நாட்டில் 1963-இல் கார்களிலிருந்து மறைந்த ஸ்டாண்டர்டு பெயர், நம்மிடம் எண்பதுகள் வரை பிழைத்திருந்தது. அந்தப் பெயரைத் தாங்கிய கடைசிக் கார்கள் சென்னைக் கார்கள்தாம் என்பதை இங்கே எத்தனை பேர் அறிவார்கள்?

புதுப்பேட்டையில் பழைய உதிரி பாகக் கடை ஒன்றில் எனக்கு ஒரு மோரிஸ் முத்திரை கிடைத்தது. நீரலைகளின் மேல் நிற்கும் சிவப்பு எருது. மோரிஸ் கார்கள் பிறந்த ஆக்ஸ்ஃபோர்டு நகரத்தின் சின்னம் அது. உலோகத்தில் பள்ளம் குடைந்து, கண்ணாடித் தூளை நிரப்பி, சூளையில் சுட்டெடுத்த எனாமல் வேலை என்பதால், அலையின் ஓரத்தில் நெல்மணி அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து அடியிலுள்ள உலோகம் தெரிந்தாலும், நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. பிற்காலத்து முத்திரைகளுக்கு இந்த ஆயுள் கிடையாது. துத்தநாகக் கலவையில் வார்த்துக் குரோம் பூசியவை நம் கடற்காற்றில் கொப்புளித்துப் பல்லிளித்துவிடும்; அவற்றுக்குப் பின் வந்த பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

பானட்டின் மேல் நிற்கும் உருவங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரேடியேட்டர் மூடி வெளியே இருந்த காலத்தில், அந்த மூடிக்கு அழகு சேர்க்கத்தான் அவை வந்தன. மூடி பானட்டுக்குள் போன பிறகும் உருவம் வெளியிலேயே நின்றுவிட்டது. பாதசாரிகளைக் குத்தும் என்று பின்னாளில் சட்டங்கள் தடுத்ததால், பெரும்பாலானவை விலகின.

உன் மைத்துனரிடம் ஒன்று சொல்லிவை. நட்சத்திரத்தைப் பளபளப்பாக்குகிறேன் என்று புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். குரோம் போனால் மீண்டும் பூசுவது கடினம். சோப்புத் தண்ணீரும் பழைய வேட்டித் துணியும் போதும். சேசிஸில் பொறித்திருக்கும் எண்ணையும் குறித்து அனுப்பினால், வண்டி எந்த ஆண்டுக்குரியது என்று விசாரித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
வேதாசலம்