அமோனியாப் பரிசோதனையை இங்கேயே செய்ய வழி விடுங்கள்

ஆய்வுகூடங்களுக்கு ஆளணியும் கருவிகளும் ஒதுக்கும் சுகாதார அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற மாதம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து எங்கள் வைத்தியசாலைக்கு வந்த ஆண் குழந்தையின் விபரம் உங்களுக்குத் தெரியும். நான் அந்த இரத்த மாதிரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதைக் கையில் வாங்கியது நான்தான்.

பிள்ளை நல்ல நிறையோடு பிறந்தது. இரண்டாம் நாள் பால் குடிக்கவில்லை, அப்புறம் மயக்கம், வேகமான மூச்சு. கிருமித்தொற்று என்றுதான் யாருக்கும் தோன்றும். யூரியா வட்டம் என்று ஈரலில் நடக்கும் இரசாயன மாற்றத் தொடரில் ஒரு நொதியம் (என்சைம்) குறைந்தாலும் இதே அறிகுறிகள்தான். பாலின் புரதத்திலிருந்து வரும் அமோனியாவை ஈரலால் யூரியாவாக மாற்ற முடியாமல், அது மூளையைத் தாக்கும். வைத்தியர் சந்தேகப்பட்டு அமோனியா பார்க்கச் சொன்னார். எங்களிடம் அந்த வசதி இல்லை. ஐஸில் வைத்து, உடனே பிளாஸ்மாவைப் பிரித்து, உறையவைத்துக் கொழும்புக்கு அனுப்பினேன். 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம். வழியில் ஐஸ் கரைந்துவிட்டது. ‘மாதிரி பொருத்தமற்றது’ என்ற துண்டு வந்து சேர்வதற்குள் பிள்ளையை அடக்கம் செய்துவிட்டார்கள். கரையாமல் போயிருந்தாலும், சில மணித்தியாலங்களில் வேண்டிய பதில் அது. அமோனியாப் பரிசோதனை இங்கேயே நடக்க வேண்டும்.

மச்சானைக் கட்டியதால் வந்த வினை என்று ஊர் இப்போது தாயைக் குறை சொல்கிறது. சொந்தத்துக்குள் மணம் முடித்தவர்களின் பிள்ளைகளிடம் இத்தகைய ஒரு நோய் அதிகம் தெரிவதை ஆங்கிலேய வைத்தியர் ஆர்ச்சிபால்ட் கரொட் 1902இலேயே எழுதினார். ஆனால் யூரியா வட்டக் குறைபாடுகளில் அதிகம் காணப்படுவது, ஆண் பிள்ளைக்குத் தாயிடமிருந்து மட்டுமே கிடைக்கும் எக்ஸ் நிறமூர்த்தம் வழியாக வருவது. அதற்கும் மச்சான் முறைக்கும் தொடர்பில்லை. எந்த நொதியம் என்று தெரியாமல் அந்தத் தாய்க்கு நான் என்ன சொல்ல? அடுத்த பிள்ளைக்கு ஆபத்தா என்று கேட்கிறார்.

இந்த நோய்களுக்காகவே உயிரிரசாயனவியலில் முதுமாணி முடித்து ஊருக்குத் திரும்பினேன். நாள் முழுக்கச் சீனியும் கொலஸ்ட்ரோலும் பார்க்கிறேன். அதுவும் தேவையான வேலைதான். ஆனால் படித்தவர்கள் ஊரில் நிற்பதில்லை என்று மேடைக்கு மேடை கவலைப்படுகிறீர்களே, நின்றவர்களுக்கு என்ன செய்தீர்கள்? புதுக் கட்டடம் திறக்க வருகிறீர்கள், உள்ளே பரிசோதனைக்கு இரசாயனம் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை.

சரி, அதை இன்னொரு நாள் பேசுவோம். இரவிலும் விடுமுறையிலும் இங்கேயே அமோனியா பார்க்க வசதியும், அதற்கென ஒரு உயிரிரசாயனவியலாளர் பதவியும் தயவுசெய்து தாருங்கள். அது எனக்குத்தான் வேண்டும் என்றில்லை, தகுதியான யாரையும் நியமியுங்கள். எப்போது தருவீர்கள் என்பதை எழுத்தில் அறியத் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வுகூட ஊழியர் ஒருவர்,
மட்டக்களப்பு